அலை ஒதுக்கிய குப்பை

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. 'சுத்தம் அக்கா' என்றால்தான் தெரியும். அந்தப் பட்டத்தைக் கொடுத்ததே கட்டிய புருஷன்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றும் தெருவுக்கு இன்னும் 'டிரைவர்' ஆகவே இருக்கிற மனுஷன், நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு டீ குடிப்பார். ஒரு சொட்டு சிந்தினால் போதும், அது காய்வதற்குள் துணியோடு வந்து நிற்பாள். "நான் சிந்துறதுக்கு முன்னாடியே துணியை எடுத்துடுறியேடி, உனக்கு எப்படித்தான் தெரியுதோ!" என்று ஒருநாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே முறைத்தாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. சமையலறைக் கதவைத் திறந்தால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் ஒரு மண்கரை. ஏறி நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. சேற்றுக்கு அப்பால் இன்னொரு பழைய கரை, அதில் பெரிய உடைப்பு, அதற்கும் அப்பால் கடல். கடற்கரையைப் பார்த்துக்கொள்கிற அரசு அலுவலகத்தின் பொறியாளர் அந்த உடைப்பை 'திறப்பு' என்பார். தெருக்காரர்களுக்கு அது 'ஓட்டை'.

ஓட்டை தானாக விழுந்ததல்ல, வேண்டுமென்றே போட்டது. யாரோ எந்தக் காலத்திலோ கடலைத் தடுத்துக் கரை போட்டு, உள்ளே மாடு மேய விட்டிருந்தார்கள். கரை வருஷா வருஷம் உடைந்தது. அடைத்து அடைத்து அலுத்துப்போன அலுவலகம் கடைசியில் கடலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டது. வெளிக்கரையை நாமே உடைப்போம், அலை உள்ளே வந்து போகட்டும், சேறு படியட்டும், உப்புத் தண்ணீரில் வளர்கிற செடிகள் வந்து மண்டட்டும், வருகிற அலையின் வேகத்தை அந்தச் செடிகளே குறைத்துவிடும், தெருவை ஒட்டிய உள்கரை பிழைக்கும் என்று திட்டம் போட்டார்கள். காகிதத்தில் எல்லாம் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது.

கடல் சொன்னபடி வந்தது. சேறும் படிந்தது. செடிதான் வரவில்லை. இரண்டு வருஷமாக ஒரு துளிர் இல்லை. காற்றுக் காலத்தில் அலைகள் மொட்டைச் சேற்றின்மேல் தடுப்பார் இல்லாமல் ஓடிவந்து உள்கரையை அரித்தன. அரிப்பு அதிகம் கண்டது அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மூலையில்.

பொறியாளர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "அடுத்த காத்துக் காலத்துக்குள்ள இந்தச் சேத்துல செடி பிடிக்கலேன்னா தெருவைக் காலி பண்றதைத் தவிர வேற வழி இல்லம்மா. நகரத்துக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டியிருக்காங்க. மூணாவது மாடி காலியா இருக்கு."

மூன்றாவது மாடி! வாக்கப்பட்டு வந்து காலடி வைத்த வீடு இது. பிள்ளைகள் தவழ்ந்த தரை. அவர்கள் பெரியவர்களாகித் திசைக்கொருவராகப் போன பிறகும் அந்தத் தரையை அவள் தினமும் துடைத்தாள். இதை விட்டுவிட்டு யாரோ கட்டிய மாடியில், முழங்கால் தேய்ந்த புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அவளுக்கு இந்த வீடு வேண்டும். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு ஆசையும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஓட்டை போட்ட புதிதில், சேற்றைச் சுத்தம் செய்யும் வேலைக்கு ஆள் தேடியபோது முதல் ஆளாகப் போய் நின்றதும் இந்த வீட்டுக்காகத்தான்.

வேலையைச் சொல்லிக்கொடுத்தது செடிக்காரம்மா. அலுவலகத்தில் செடிகளுக்கென்றே இருந்த பெண், அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். எந்நேரமும் முட்டி வரை சேறு. முதல் நாள் கரைமேல் நின்று சொன்னாள்: "பிளாஸ்டிக், பாட்டில், செருப்பு, இந்த மாதிரி வந்து ஒதுங்குறதை எடுத்தாப் போதும் அக்கா. அதுங்க மேல விழுந்தா செடி மூச்சு முட்டிடும்."

"ஆகட்டும் மேடம்" என்றாள். மனசுக்குள், 'பாட்டிலை எடுத்துட்டு அழுகின வைக்கோலை விட்டுட்டா அதை யார் வந்து எடுப்பா?' என்று நினைத்துக்கொண்டாள். சுத்தம் அக்காவா கொக்கா!

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உயரும் ஒவ்வொரு பெரிய அலைக்குப் பிறகும் நீர் எட்டிய இடத்தில் ஒரு கோடு கிடக்கும். அறுந்த கயிறு, பாசி, காய்ந்த தண்டு, மக்கிய சருகு, செத்த நண்டு, நடுநடுவே யாருடையதோ ஒற்றைச் செருப்பு. நாற்றம் குடலைப் பிடுங்கும். தண்ணீர் வடிந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இரும்புப் பல் வைத்த வாரியோடு இறங்கிவிடுவாள். ஒரு முனையில் தொடங்கினால் மறு முனை வரை வழித்து எடுத்துவிட்டுத்தான் நிமிர்வாள். பிளாஸ்டிக் மூட்டைகளை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். தண்டையும் சருகையும் லாரிக்காரன் தொட மாட்டான். அதையெல்லாம் தலையில் சுமந்து, கொல்லையை ஒட்டிக் கரையோரம் இருந்த பள்ளத்தில் கொட்டுவாள். பெரிய அலை நாட்களில் கரைக்கு அடியிலிருந்து உப்புத்தண்ணீர் கசிகிற பள்ளம் அது. ஒன்றுக்கும் உதவாத இடம்.

அங்கேயும் சும்மா இருக்க முடிந்ததா? குவியலின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் களை முளைக்கும். கடுகளவு, இரண்டு தடித்த இலை. பார்த்த கையோடு கிள்ளி எறிந்துவிடுவாள்.

செடிக்காரம்மா மாதத்துக்கு ஒருமுறை வருவாள். தட்டுத் தட்டாக நாற்று கொண்டுவந்து சேற்றில் வரிசையாக நடுவாள். அடுத்த முறை வரும்போது ஒன்றும் இருக்காது, அலை பிடுங்கிப்போட்டிருக்கும். கரைமேல் உட்கார்ந்து பெருமூச்சு விடுவாள். அப்புறம் எழுந்து, "ஆனா எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க அக்கா! வேற எந்த எடத்துலயும் இப்படிப் பார்த்ததில்ல" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த மாதம் முழுக்க உயிரைக் கொடுத்து வாரலாம் போல இருக்கும் அவளுக்கு.

ஒருமுறை செடிக்காரம்மா வேறெங்கோ உப்பங்கரையிலிருந்து சின்னத் தொட்டியில் ஒரு செடியைக் கொண்டுவந்து இவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். இலையே இல்லாததுபோல, கணுக்கணுவாகச் சதைப்பிடிப்பான பச்சைத் தண்டு. "இதுக்குப் பேர் உமரி. வெறும் சேத்துல முதல்ல வர்றது இதுதான். இது வந்து சேத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வரும். இது மாதிரி ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டாக்கூட எனக்குப் போன் பண்ணிடுங்க."

அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். வாரிக்கொண்டே தேடினாள்.

பொறியாளர் கெடு வைத்த காற்றுக் காலம் நெருங்கியது. உடம்பு ஓய்ந்துகொண்டே வந்தது. இரவு படுத்தால் தோள் குத்தியது, காலையில் எழுந்தால் இடுப்பு மறுத்தது. "போதும்டி, கடல் உனக்கு என்ன மாமியாரா, இப்படி பயந்து பயந்து வேலை செய்யுற" என்று டிரைவர் சொல்வார். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

கடைசியில் முதுகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. சேற்றில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. தெருக்காரர்கள் நாலு பேர் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள். டாக்டர் இடுப்புக்குப் பட்டை கட்டி, எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். மாதம் ஒன்று போய், அதற்குமேலும் போனது.

படுத்திருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கரை மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் குப்பை சேர்ந்துகொண்டே இருக்கும் என்ற நினைப்பே அவளை அரித்தது.

"என்னங்க, கொஞ்சம் போய் அந்தக் குப்பையை வாரிட்டு வாங்களேன்."

"யாரு, நானா? என் முட்டியைக் கேட்டுப் பாரு, அது போகுதான்னு பார்ப்போம்."

"செடி முளைக்காம போச்சுன்னா வீடு போயிடுங்க."

"நீ வாரும்போது மட்டும் முளைச்சுதாக்கும்!"

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். முதலில் கண்ணில் பட்டது பள்ளத்துக் குவியல். அதன் ஓரமெல்லாம் பச்சை. 'பாரேன், ஒரு மாசம் படுத்தா களை எப்படி ஏறியிருக்கு' என்று மெல்லக் குனியப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

களை விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. இலையில்லை. கணுக்கணுவாக, சதைப்பிடிப்பாக இருந்தது. சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டியில் இருந்ததும் அதுதான். இத்தனை நாள் கடுகளவிலேயே கிள்ளி எறிந்ததால் அது வளர்ந்து எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை.

முதுகு வலியெல்லாம் எங்கே போனதோ, கரைமேல் ஏறிவிட்டாள். கீழே அலை ஒதுக்கிய கோடு, ஒரு மாதத்துக்கும் மேல் வாராத கோடு, அசிங்கமாக நீண்டு கிடந்தது. இறங்கி முட்டிபோட்டு ஒரு பிடி சருகை விலக்கினாள். அடியில் ஈரச் சேற்றில் இரண்டு தடித்த இலை. பக்கத்தில் இன்னொன்று. தள்ளிப் போய் விலக்கினாலும் அதுதான். கோடு போகிற வழியெல்லாம் பொடிப் பச்சை. கோட்டுக்கு வெளியே, நாற்று நட்டு நட்டுத் தோற்ற இடமெல்லாம், மொட்டை.

அவளுக்குப் புரிய யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கோ விளைந்த விதை இந்தக் குப்பையோடுதான் வந்திருக்கிறது. வந்ததையெல்லாம் அவள் வாரி வாரிக் கொல்லையில் கொட்டியிருக்கிறாள். அய்யோ, இரண்டு வருஷம்! அந்தச் சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கரைமேல் வேன் வந்து நின்றது.

ஐந்தாறு ஆட்கள் வாரியும் மூட்டையுமாக இறங்கினார்கள். மறுநாள் பெரிய அதிகாரிகள் சேற்றைப் பார்க்க வருகிறார்கள், குப்பை கிடந்தால் மானம் போகும் என்று பொறியாளர்தான் அனுப்பியிருந்தார். மேஸ்திரி அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க. மதியத்துக்குள்ள எல்லாத்தையும் வழிச்சாகணும்."

"எதை?"

"எதையா? இந்தக் குப்பையத்தான்."

"இது குப்பை இல்ல."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். மக்கிய தண்டு, அறுந்த கயிறு, வயிறு வெடித்த ஒரு மீன். "பின்னே என்னக்கா, பூந்தோட்டமா?" ஆட்கள் சிரித்தார்கள். அவள் குரல் கேட்டு நொண்டி நொண்டிக் கரையேறி வந்த டிரைவர், மனைவி நாற்றம் பிடித்த சருகின் நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "ஏய், உனக்கு முதுகு மட்டும்தானே பிடிச்சுது?" என்றார்.

ஒருவன் வாரியை இறக்கினான். அவள் அதன் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"செடி முளைச்சிருக்கு, கண்ணு தெரியலையா? முதல்ல என்னை வாரு. அப்புறம் இதை வாரலாம்."

கத்திச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு போனை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் பொறியாளரின் ஜீப் வந்தது. கூடவே செடிக்காரம்மா. ஜீப் நிற்பதற்குள் இறங்கி ஓடிவந்தாள். முட்டிபோட்டுச் சருகை விலக்கியவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"எப்பலேருந்து அக்கா?"

"நான் படுத்ததுலேருந்து." எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "நீங்க பிளாஸ்டிக்னுதான் சொன்னீங்க. நான் எல்லாத்தையும் வாரிட்டேன் மேடம். இந்தச் சேத்துல ஒண்ணும் முளைக்கலைன்னா அதுக்குக் காரணம் நான்தான்."

செடிக்காரம்மா சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். "பெரிய அலை வந்துபோனா, அப்புறம் கொஞ்ச நாள் தண்ணி இந்த உயரத்துக்கு ஏறாது. விதை வேர் விடுறது அந்த நாள்லதான். யாரும் தொடாம இருக்கணும்." என்றாள். சுத்தம் அக்கா வாரியது சரியாக அந்த நாட்களில்தான் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு தணிந்த குரலில், "மாசாமாசம் வந்து, சுத்தமா இருக்கு, சுத்தமா இருக்குன்னு நான்தானே சொன்னேன். இவ்வளவு சுத்தமா இருந்தா விதை எங்கக்கா தங்கும்னு எனக்கு உறைக்கலையே. படிச்சு என்ன" என்றாள்.

இருவரும் சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேருக்கும் அழக்கூடத் தெம்பில்லை.

பொறியாளர் கோட்டின் ஓரமாகவே மறு முனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். ஆட்களை வேனில் ஏறச் சொன்னார். "நாளைக்கு அவங்களுக்கு இதையே காட்டுவோம். தெருவுக்கு இன்னும் டைம் கொடுப்பாங்க." சொல்லும்போதே அவர் பார்வை அவள் வீட்டுக்குப் பின்னால் கரை அரித்துப்போயிருந்த மூலைக்குப் போனது.

அதிகாரிகள் வந்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், போனார்கள். தெருவுக்கு அவகாசம் கிடைத்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பொறியாளர் தனியாக வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் குடிக்காமலே வைத்திருந்தார்.

"செடி மண்டி அலையைத் தடுக்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்மா. மத்த எடத்துல கரை அதுவரைக்கும் தாங்கும். இந்த மூலை தாங்காது. இங்க மட்டும் கரையைப் பின்னால தள்ளி வளைச்சுப் போடணும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க வீடு இருக்கிற எடத்துலதான் அது வரும்."

"மத்த வீடெல்லாம்?"

"இருக்கும்."

அவள் தலையசைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பே முளைத்திருந்தால் இந்நேரம் அந்த மூலை செடிக்குள் பத்திரமாக இருந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

அவர் போன பிறகு டிரைவர் சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கப் பார்த்தார். "உனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே முதுகு பிடிச்சிருக்கலாம்டி." எப்போதும்போல முறைப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடைந்து அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். வரும் வழியில் கொஞ்சம் சிந்தியது. டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து, துணியை எடுத்து அவரே துடைத்தார்.

சாமான்கள் ஏற்றிய வண்டி கிளம்பிய அன்று, வெறும் வீட்டில் அவள் விளக்குமாற்றை எடுத்தாள். முன்னறையில் தொடங்கி மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள்.

"இடிக்கப்போற வீட்டை யாருக்குடி பெருக்குற?" வாசலில் நின்று டிரைவர் கேட்டார். குரலில் கேலி இல்லை.

"சும்மா இருங்க. குப்பையா போட்டுட்டுப் போனான்னு பேர் வரணுமா?"

சமையலறை வரை பெருக்கிவந்தபோது வாசற்படியில் சருகு குவிந்தது. கொல்லைக் குவியலிலிருந்து காற்றில் பறந்துவந்த தண்டும் தூசியும். முறத்தில் அள்ளினாள். பழக்கத்தில் கை மூட்டையைத் தேடியது. மூட்டை எல்லாம் வண்டியில் போய்விட்டிருந்தது.

முறத்தோடு, ஜன்னலில் இருந்த தொட்டியையும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் மெல்லக் கரைமேல் ஏறினாள். தண்ணீர் வடிந்து கிடந்தது. அந்த அரித்துப்போன மூலைக்குக் கீழே, இன்னும் ஒன்றும் முளைக்காத சேற்றில், தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வைத்தாள். அதைச் சுற்றி முறத்தில் இருந்த குப்பையைக் கொட்டினாள். ஒரு பாட்டில் மூடி உருண்டது. அதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"வாடி, வண்டிக்காரன் போன் பண்ணிட்டே இருக்கான்" என்று கீழேயிருந்து கூப்பிட்டார்.

"வர்றேன்" என்றாள். கொட்டிய குப்பை கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. சரிசெய்யக் கை பரபரத்தது. முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.